பந்தியிலிருந்து எழுப்பியவள்

சித்தெ நகந்து உக்காருங்க தம்பி. வேட்டியெல்லாம் ஈரம், உங்க மேல பட்டுறப் போகுது. ஜன்னலை முழுசாச் சாத்தாதீங்க, எனக்கு மூச்சு முட்டும். காலைல இருந்தே முட்டிட்டுத்தான் இருக்குது.

ஜில்லாக் கோர்ட்டுல இருந்து வர்றேனுங்க. அட, அப்படிப் பாக்காதீங்க, திருட்டுக் கேசு இல்லை. நான் போட்ட கேசு. நான் வாதி. பிரதிவாதி ஆருன்னு கேளுங்க. என்ற கூடப் பொறந்த தங்கச்சி.

நம்மூரு மேயரா இருந்தாளே சுந்தரவடிவு, அவதான். கல்யாணப் பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவங்களை, எலையில வெச்ச கை வெச்சபடி இருக்க எந்திரிக்கச் சொன்னாளே, அதே மேயரு. பேப்பர்லயெல்லாம் போட்டிருந்தாங்களே. அது என்ற மக கல்யாணமுங்க. பேப்பர்ல என்ற பேரு வரலை. ‘மேயரின் உறவினர்’னு போட்டான். உறவினராம். சென்னியப்பன்னா இந்த ஊருல தெரியாத ஆளு உண்டா?

“நல்ல மேயராச்சே”ங்கறீங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. எல்லாருந்தான் சொல்றாங்க. நல்ல மேயருதான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா அந்த நல்ல மேயரை ஆரு உண்டாக்குனதுன்னு ஒருத்தனாவது கேக்கறானா? கேக்கமாட்டான்.

நான் மூணு தடவை கவுன்சிலருங்க. கொடி புடிச்சு, போஸ்டர் ஒட்டி, அடி வாங்கி மேல வந்தவன். மேயராகோணும்னு ஒரே ஒரு ஆசை. அந்தச் செவப்பு அங்கியும் கழுத்துல சங்கிலியும் போட்டுட்டு, மின்னாடி ஒருத்தன் செங்கோல் தூக்கிட்டு நடக்க, நான் பின்னால போகோணும். கனவுலயே பல தடவை போயாச்சு. எனக்கு மொறை வர்ற சமயத்துல பாருங்க, மேயர் பதவி பொம்பளைகளுக்குன்னு ஆயிப்போச்சு. என்ற வார்டும் அப்படியே. ஊட்டுக்காரியை நிக்க வெக்கலாம்னா, அவளுக்கு நாலு பேரு மின்னாடி நின்னாலே கை நடுங்கும். அப்பத்தான் வடிவு ஞாபகத்துக்கு வந்தா.

ஞாபகத்துக்கு வர்றதென்ன, என்ற ஊட்டு மாடிலதான் இருந்தா. புருசன் லாரில அடிபட்டுப் போனதுல இருந்து நான்தான் கூட்டியாந்து வெச்சிருந்தேன். கொழந்தை குட்டி இல்லை. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. பொழுதுக்கும் நின்னுட்டுத் துணியைப் பாக்கறது, ஓட்டை இருந்தா ஒதுக்கறது. ஊட்டுக்கு வந்தா என்ற மக தாரணிக்குத் தலை சீவி உடறது, பாடம் கேக்கறது. தாரணி அவகிட்டத்தான் வளந்துது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. அதனாலதானுங்க நிக்க வெச்சேன். இல்லாட்டி வெப்பேனா?

“அம்மிணி, நீ ஒண்ணும் பேச வேண்டாம். கையை மட்டும் கும்புடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்”ன்னேன். “சரிங்கண்ணா”ன்னா. வீதி வீதியாக் கூட்டிட்டுப் போனேன். கும்புட்டா. ஜெயிச்சா.

மேயரு தேர்ந்தெடுக்கறப்ப எங்க கட்சில ரெண்டு கோஷ்டி. இவன் சொல்ற பொம்பளையை அவன் ஒத்துக்க மாட்டான், அவன் சொல்றதை இவன் ஒத்துக்க மாட்டான். மாவட்டச் செயலாளரு சலிச்சுப்போய், “சத்தம் போடாத ஆளா ஒண்ணு சொல்லுங்கய்யா”ன்னாரு. நான் எந்திரிச்சு, “என்ற தங்கச்சி இருக்குதுங்க”ன்னேன். அத்தோட முடிஞ்சுது. பதவியேத்த அன்னைக்கு அந்தச் செவப்பு அங்கியை அவ தோள்ல மாட்டி உட்டது இந்தக் கைதானுங்க. மாட்டறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ என்னமோ தங்கச்சி மேல பாசம்னு நெனைச்சுக்கிட்டா. பாசமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை.

மொத வருசம் ஒரு கொறையும் இல்லை. மேயர் ரூம்ல அவ நாற்காலிக்குப் பக்கத்துலயே எனக்கொரு நாற்காலி. வர்றவங்க எனக்குத்தான் மொதல்ல வணக்கம் வெப்பாங்க. நான் தலையாட்டுனா அவ கையெழுத்துப் போடுவா. ஆபீசே கப்புசிப்புன்னு நடந்துச்சு.

ஒருநாள் போறேன், என்ற நாற்காலியைக் காணோம்.

“நாற்காலி எங்க அம்மிணி?”

“வராந்தால போடச் சொன்னனுங்கண்ணா. மனு குடுக்க வர்ற பெரியவங்க நின்னுட்டே இருக்கறாங்க.”

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

அதுக்கு அவ என்ன சொன்னாங்கறீங்க? “உங்களுக்குக் கால் வலிச்சா நான் எந்திரிச்சுக்கறனுங்க”ன்னா. கேலி இல்லீங்க, நெசமாவே எந்திரிச்சு நின்னுட்டா. அஞ்சாறு கவுன்சிலரு, ரெண்டு என்ஜினியரு எல்லாம் பாத்துட்டு இருக்கறாங்க. மேயர் நாற்காலில நான் போய் உக்கார முடியுமா? வெளிய வந்துட்டேன். அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும்.

அப்பறம் அந்த பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் விசயம். பொம்பளைக கக்கூஸைப் பூட்டிப்போட்டு, பூக்கடைக்காரனுக மூட்டை போட்டு வெச்சிருந்தானுக. அதை ஏலம் எடுத்தவன் நம்ம ஆளு, என்ற கூட்டாளி. ஆரோ ஒரு பொம்பளை வந்து இவகிட்ட அழுதுச்சாம். நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. பூட்டை ஒடைக்கச் சொல்லி, மூட்டைக வெளிய வர்ற வரைக்கும் அங்கயே நின்னா. தண்ணி ஊத்திக் கழுவிச் சுத்தமான பின்னாடி, வரிசைல கடைசி ஆளா நின்னு தானும் போயிட்டு வந்தாளாம். மேயரு! ஊரே சிரிச்சுச்சு. அதாவது, ஆம்பளைக சிரிச்சாங்க. பொம்பளைக அன்னைலருந்து இவளைச் சாமி மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டாளி என்ற மூஞ்சில முழிக்கறதை நிறுத்திட்டான்.

சரி, அதெல்லாம் போகட்டும். கல்யாணத்துக்கு வர்றேன்.

ஐப்பசி மாசம். கல்யாணத்துக்கு மின்னாடியே மழை புடிச்சுக்கிச்சு. எங்க மண்டபம் பெரியபள்ளம்ங்கற ஓடைக் கரைல இருக்குதுங்க. மண்டபம் கரைல, சாப்பாட்டுக் கூடம் மட்டும் சித்தெ பள்ளத்துக்குள்ள. கவுன்சிலரா இருக்கறப்பக் கட்டுனேன். புறம்போக்குங்கறாங்க. ஏனுங்க, பள்ளம்னா தண்ணி ஓடோணுமில்ல? வருசக்கணக்கா சாயத்தண்ணியும் சீமைக்கருவேலமுந்தான் கெடந்துச்சு. அதைச் சுத்தம் பண்ணிக் கட்டடம் கட்டுனா அது குத்தமா? தண்ணி வந்தாப் போறதுக்கு அடில ரெண்டு கொழாய் கூட உட்டிருந்தேன்.

அந்த வருசம் வந்த தண்ணிக்குக் கொழாய் பத்தலை. முள்ளும் குப்பையும் வந்து அடைச்சுக்கிச்சு. கூடத்தோட பின் செவுரு அணை கட்டுன மாதிரி நின்னுருச்சு. தண்ணி திரும்பி மேக்கால ஏறுது. மேக்காலதான் பள்ளத்தோட்டம் லைன் வீடுக. பனியன் கம்பெனிக்குப் போற சனங்க. தாழ்வான எடம். அங்க போய் வீடு கட்டச் சொன்னது ஆரு?

கல்யாணத்தன்னைக்குக் காலைல சம்மந்தி ஊட்டுல எல்லாரும் கேக்கறாங்க, “அத்தைக்காரி எங்க? மேயரம்மா எங்க?” நான் என்ன சொல்லுவேன்? “ஆபீஸ் வேலை, வந்துருவா”ன்னு பல்லைக் காட்டறேன். தாரணி மணவறைல உக்காந்துட்டு வாசலையே பாக்குது. மாப்பிள்ளை பக்கம் பாக்கலை, வாசலைப் பாக்குது. கெட்டிமேளம் கொட்டுனாங்க, தாலி ஏறிருச்சு. அப்பாடான்னு மொதப் பந்தியைப் போடச் சொன்னேன். சம்மந்தி வகையறா மொத்தமும் உக்காந்தாச்சு. ஒப்புட்டு வெச்சு நெய் ஊத்திட்டு வர்றாங்க. நான் ஒவ்வொரு எலையாப் பாத்து, “கூச்சப்படாமச் சாப்புடுங்க”ன்னு சொல்லிட்டு வர்றேன்.

சமையல்கட்டுப் பக்கமா வந்தா பாருங்க.

முழங்கால் வரைக்கும் சேறு. பொடவை நனைஞ்சு ஒட்டிட்டுக் கெடக்குது. தலைல எங்கயோ செவுத்துச் சுண்ணாம்பு. நேரா ரெண்டு வரிசைக்கும் நடுவுல வந்து நின்னு கையைக் கும்புட்டா. நான் சொல்லிக் குடுத்த கும்புடுதான்.

“எல்லாரும் மன்னிக்கோணுமுங்க. கை கழுவக்கூட நேரமில்லை. அப்படியே எந்திரிச்சு முன்வாசலாப் போயிருங்க. இந்தச் செவுத்தை இப்ப ஒடைக்கோணும்.”

ஒருத்தரும் அசையலை. காதுல உளுந்தது சரிதானான்னு ஒருத்தரை ஒருத்தரு பாக்கறாங்க. சம்மந்தியோட பெரியப்பா வாயில வெச்ச ஒப்புட்டை முழுங்கறதா துப்பறதான்னு தெரியாம உக்காந்திருக்கறாரு. தம்பி, நம்ம பக்கத்துல பகையாளி வந்து உக்காந்தாலும் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எழுப்ப மாட்டோம். எலையில உக்காந்தவனை எழுப்புனா அது ஏழு தலைமொறைக்கும் போகாது. அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் மறுபடியும் சொன்னா, இன்னும் கொஞ்சம் சத்தமா, “எந்திரிங்க!”

அவ சத்தம் போட்டு அன்னைக்குத்தான் நான் கேட்டது. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க.

நான் பின்பக்கம் ஓடுனேன். ஜேசிபி அங்க தயாரா நிக்குது. அதுக்கு மின்னாடி போய், பட்டு வேட்டியோட, இடுப்பளவு தண்ணில நின்னுட்டேன். “ஏத்துடா என்ற மேல!”ன்னேன். ஓட்டறவன் பயந்து எஞ்சினை நிறுத்திட்டான். அங்க கார்ப்பரேஷன் கமிஷனரு ஆளுக, போலீஸ்காரங்க எல்லாம் ஒதுங்கி நிக்கறாங்க. கமிஷனரு வெவரமானவரு. “மேயரோட அண்ணன் எடம், நான் கை வெக்க மாட்டேன்”ன்னு ஒதுங்கிக்கிட்டாராம். இவதான், ‘என் பொறுப்புல ஒடைக்கச் சொல்றேன்’னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கறா. சத்தம் போடாத ஆளு!

தண்ணியைக் கலக்கிட்டு என்ற பக்கத்துல வந்தா.

“வடிவு, ஒரே ஒரு பந்தி. அரை மணி நேரம். உன்ற கால்ல வேண்ணா உளுகறேன்.”

“அண்ணா, அங்க ஓட்டு மேல கொழந்தைகளைத் தூக்கி உக்கார வெச்சிருக்கறாங்க. ஓடு தாங்காதுங்க.”

“இது உன்ற தாரணி கல்யாணம், புள்ள.”

“தெரியுமுங்க.”

அவ்வளவுதான் சொன்னா. ‘தெரியுமுங்க’. அப்பறம் போலீஸ்காரங்க பக்கம் திரும்பி என்ன சொன்னாங்கறீங்க? “எங்கண்ணனைப் பதனமாத் தூக்கி அக்கட்டால உடுங்க. சக்கரை இருக்குது, கால்ல அடி பட்டாப் புண்ணாயிரும்.” ரெண்டு பேரு என்னைக் கொழந்தையாட்டம் தூக்குனாங்க தம்பி. சம்மந்தி வகையறா மொத்தமும் வாசல்ல நின்னு பாக்குது. நான் கத்தறேன், உதைக்கறேன். ஒருத்தன் என்ற செருப்பைக் கையில புடிச்சுட்டுப் பின்னாடியே வர்றான்.

செவுரு உளுந்த சத்தம் இன்னும் காதுல இருக்குது. தண்ணி உள்ள பூந்து, டேபிளு, சேரு, எலை, ஒப்புட்டு, அண்டா எல்லாத்தையும் வாரிட்டுக் கெழக்கால போச்சு. நான் ஒவ்வொரு கல்லாப் பாத்துக் கட்டுன கூடம். பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள பள்ளத்தோட்டத்துல தண்ணி முழங்காலுக்கு எறங்கிருச்சாம். கொழந்தைகளையெல்லாம் எறக்கிட்டாங்களாம். சரி, நல்லதுதான். நான் வேண்டாங்கலை. ஒரு பந்தி முடிச்சுட்டு எறக்கியிருக்கலாமேங்கறேன்.

ஒரு பெரியவரு மட்டும் போயிட்டாரு. ஆறுக்குட்டின்னு, கால் வெளங்காத ஆளு. கட்டிலோட தண்ணில. அது விதி.

தாரணி என்ன பண்ணுச்சு தெரியுமா? தப்பிச்ச சோத்து அண்டாவையெல்லாம் லாரில ஏத்தி, கூரைப் பொடவையோட தானும் ஏறி, மாப்பிள்ளையையும் ஏத்திட்டு, சனங்களைத் தங்க வெச்சிருந்த பள்ளிக்கொடத்துக்குப் போயிருச்சு. என்ற மக கல்யாணச் சோத்தை என்ற சம்மந்தி சாப்பிடலை. பள்ளத்தோட்டத்துக்காரன் சாப்பிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலமே மாடில இருந்த அவ பொட்டியைத் தூக்கி வீதில வெச்சுட்டேன். வந்து பாத்தா. பொட்டியை எடுத்துட்டு நடந்தா. அவளுக்கு வாடகைக்கு வீடு குடுத்தது ஆருன்னு நெனைக்கறீங்க? பள்ளத்தோட்டத்துக்காரங்கதான். மேயரு லைன் வீட்டுல குடியிருந்தா தம்பி. கார் உள்ள போகாது. வீதி மொனைல நிறுத்திட்டு, நடந்து போவா.

நான் சும்மா இருப்பனா? அரசியல் எனக்கு ஆரும் சொல்லிக் குடுக்கோணுமா? அவளைப் புடிக்காத கவுன்சிலரு ஏகப்பட்ட பேரு. காண்ட்ராக்ட் போனவன், கமிஷன் போனவன், மரியாதை போனவன். எல்லாரையும் ஒண்ணாக் கட்டுனேன். நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆளு மாறிறக் கூடாதுன்னு பஸ் புடிச்சு மலை மேல ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வெச்சேன். ஆடு மேய்க்கறது சுலபமுங்க. ஒருத்தனுக்குக் குளிரு, ஒருத்தனுக்குப் பொண்டாட்டி ஞாபகம், ஒருத்தன் ஊட்டுக்குப் போன் பண்ணோணுங்கறான். எல்லாரோட போனையும் வாங்கி நானே வெச்சுக்கிட்டேன். நேரா மலைல இருந்து மன்றத்துக்குக் கூட்டிட்டு வந்து எறக்கிட்டு, நான் மேல பார்வையாளர் வரிசைல போய் உக்காந்தேன்.

ரெண்டு மூணு பேரு அவ மூஞ்சியைப் பாக்க முடியாம குனிஞ்சுட்டு இருக்கறானுக. இவ அழுதா போதும், மாறிருவானுக. “ஏழை சனத்துக்காக என்ற சொந்த அண்ணன் மண்டபத்தையே ஒடைச்சேன்”னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கைதட்டிருவானுக. நானே எழுதிக் குடுத்திருப்பேன் அந்தப் பேச்சை.

இவ எந்திரிச்சா. அந்தச் செவப்பு அங்கியோட. என்ன பேசுனா தெரியுங்களா?

“செவுத்தை ஒடைச்சது தப்புன்னு எல்லாரும் சொல்றீங்க. அது தப்பில்லைங்க. ஆனா நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கறேன். வண்டி மண்டபத்துக்குப் பின்னாடி வந்து நின்னப்ப உள்ள நாதஸ்வரம் கேட்டுச்சு. எங்கண்ணன் மகளுக்குத் தாலி ஏறட்டும்னு வண்டியை நிறுத்தி வெச்சேன். கெட்டிமேளம் கேட்ட பின்னாடிதான் உள்ள வந்தேன். அந்த நேரத்துலதான் ஆறுக்குட்டி ஐயா போனாரு. மேயரு காத்திருக்கக் கூடாது. அத்தை காத்திருந்துட்டா. அதுக்காக என்னை எறக்குங்க. நான் ஒத்துக்கறேன்.”

உக்காந்துட்டா.

பாத்தீங்களா? அவளே அவ வாயால ஒத்துக்கிட்டா! தப்புப் பண்ணேன்னுட்டா! நான் மேல இருந்து தொடையைத் தட்டுனேன். பக்கத்துல இருந்த ஆளு என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். தீர்மானம் ஜெயிச்சுது. கை தூக்குனவனுகள்ல ஒருத்தனும் சிரிக்கலைங்க. மேயருக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு அவகிட்டயே வந்து கும்புடு போட்டுட்டுப் போறானுக. அங்கியைக் கழட்டி மடிச்சு மேசை மேல வெச்சுட்டு, வராந்தால மனுவோட உக்காந்திருந்தவங்ககிட்ட, “இனி அடுத்த மேயரம்மாகிட்டக் குடுங்க”ன்னு சொல்லிட்டுப் போனாளாம்.

தாலிக்காகக் காத்திருந்தாளாம். எனக்குத் தெரியாது, அன்னைக்குத்தான் கேக்கறேன். காத்திருந்தவ, பந்திக்கும் காத்திருந்திருக்கலாமில்ல?

புது மேயரு நான் உக்கார வெச்ச ஆளு. கூடத்தைத் திருப்பிக் கட்டிக்கறேன்னு கேக்கப் போனா, இப்ப போனையே எடுக்கறதில்லை. அந்த எடத்துல பள்ளத்தைத் தூர் வாரி, கம்பி வேலி போட்டுட்டாங்க. அப்பத்தான் வக்கீலு சொன்னாரு, “முன்னறிவிப்பு இல்லாம இடிச்சிருக்கறாங்க. எழுதிக் குடுத்தது உங்க தங்கச்சி. அவங்களே சொந்தப் பொறுப்புல நட்ட ஈடு குடுக்கோணும். கேசு போடுங்க, நிக்கும்”னு. போட்டேன். தாரணி அன்னைல இருந்து என்ற ஊட்டுப் படியேறலை.

இன்னைக்கு என்னைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கற நாளுங்க. காலைலயே போயிட்டேன். மாடிப்படி ஓரம் தூண் மறைவுல நிக்கறேன். அந்தப் பக்கம் இவளும் இவ வக்கீலும் வந்து நிக்கறாங்க. என்னைப் பாக்கலை. பாக்கலைன்னுதான் நெனைச்சேன். வக்கீலு கேக்கறாரு, “ஏம்மா, இடிக்கறதுக்கு மின்னாடி அவருகிட்ட வாய்வார்த்தையாவாவது சொன்னீங்களா?”

“மொத நாளே போன்ல சொன்னனுங்க. தண்ணி ஏறுது, பந்தியை வேற எடத்துக்கு மாத்திருங்க அண்ணான்னு மூணு தடவை சொன்னேன்.”

“இதுக்குச் சாட்சி?”

“எங்கண்ணன்தான்.”

வக்கீலு சிரிச்சுட்டாரு. “எதிராளியையே சாட்சியாச் சொல்றீங்களேம்மா!”

இவ சிரிக்கலை. “எங்கண்ணன் அரசியல் பண்ணும். பொய் சத்தியம் பண்ணாதுங்க”ன்னா.

வேணும்னே சொல்லியிருக்கறா தம்பி! நான் தூணுக்குப் பின்னாடி நிக்கறது தெரிஞ்சே, என்ற காதுல உளுகோணும்னே சொல்லியிருக்கறா. என்னைக் கட்டிப் போடறதுக்கு! மேயரா இருந்த பொம்பளை, அவளுக்குச் சூதுவாது தெரியாதா?

சொன்னாளான்னு கேக்கறீங்களா? ...சொன்னாதானுங்க. ஊட்டுல மாவிளக்கு, சீரு தட்டுன்னு ஆயிரம் வேலை. “பாத்துக்கலாம் அம்மிணி”ன்னேன் மொதல்ல. மறுபடியும் கூப்புட்டா, “அபசகுனமாப் பேசாதே”ன்னு வெச்சுட்டேன். மூணாவது தடவை எடுத்து, கேட்டுட்டு, ஒண்ணுஞ் சொல்லாம வெச்சேன். போன்ல சொன்னா அது நோட்டீஸா? ஆபீஸ் முத்திரையோட வந்தாத்தான நோட்டீஸு? என்ற வக்கீலுகிட்டக்கூட இதை நான் சொல்லலை. சொல்றதுக்கு என்ன இருக்குது?

கூண்டுல ஏறுனேன். சத்தியப் பிரமாணம் வாங்குனாங்க. எங்க வக்கீலு கேட்டதுக்கெல்லாம் கணீர்னு பதில் சொன்னேன். அப்பறம் அவ வக்கீலு வந்தாரு. நோட்டீஸ் வந்துதான்னாரு. வரலைன்னேன். சரின்னாரு. கேசுக்கட்டைப் பொரட்டிட்டே, என்னமோ வாய்க்கு வந்ததைக் கேக்கற மாதிரி, “கல்யாணத்துக்கு மொத நாள் உங்க தங்கச்சி உங்களுக்குப் போன் பண்ணி, தண்ணி ஏறுது, கூடத்தைக் காலி பண்ணுங்கன்னு சொன்னாங்களா?”

‘இல்லை’ன்னு ஒரு வார்த்தை. அத்தோட கேசு எனக்கு. ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தப் போன்ல பேசுனது ரெண்டே பேரு. நான் அவளைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கலை தம்பி. என்னைப் பாத்து மொறைச்சிருந்தாலோ, கண்ணைக் கசக்கியிருந்தாலோ, ‘இல்லை’ன்னு பளிச்சுன்னு சொல்லியிருப்பேன். அவபாட்டுக்கு ஜன்னல்ல மழையைப் பாத்துட்டு நிக்கறா. நான் என்ன சொல்லுவேன்னு அவளுக்குக் கவலையே இல்லை. தண்ணி கேட்டேன், குடுத்தாங்க, குடிச்சேன். நீதிபதியம்மா, “பதில் சொல்லுங்க”ங்கறாங்க.

“ஆமாங்க”ன்னேன். “சொன்னா. மூணு தடவை சொன்னா. நான்தான் கேக்கலை.”

எங்க வக்கீலு ‘டப்’புன்னு உக்காந்தாரு. நீதிபதியம்மா எழுதறதை நிறுத்திட்டு, “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”ன்னாங்க. “இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது”ன்னேன். வெளிய வந்ததும் வக்கீலு கேசுக்கட்டை என்ற கையில திணிச்சாரு. “இனித் தீர்ப்பு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், அதை நீங்களே எழுதிட்டீங்க”ன்னுட்டுப் போயிட்டாரு.

இப்படித் தோக்கடிச்சுட்டா தம்பி. ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலைப் பாத்துட்டு நின்னே என்ற கேசைக் கெடுத்துட்டா. இதுக்குப் பேரு என்னங்க? நீங்களே சொல்லுங்க. கூடப் பொறந்தவ பண்ற வேலையா இது?

மெதுவாப் பேசறதா? ஏன்? ...ஓ, நீங்களும் கண்டுபுடிச்சுட்டீங்களா. ஆமாங்க. அதோ மின்னாடி மூணாவது சீட்டு, நீலப்பொடவை, பக்கத்துல கைக்கொழந்தைக்காரி மூட்டையை மடில வாங்கி வெச்சிருக்குதே, அவதான். எங்க பக்கத்துக்கு இந்த நேரத்துக்கு இந்த ஒரு பஸ்ஸுதானே, வேற என்ன பண்றது? கேட்டாக் கேக்கட்டுமுங்க. கேக்கோணும்னுதான் பேசறேன். நான் ஏறுனப்பத் திரும்பி ஒரு தடவை பாத்தா. நான் பாக்காத மாதிரி இங்க வந்து உக்காந்துட்டேன்.

வாங்க கண்டக்டரு, இத்தன நேரமாச்சா இங்க வர்றதுக்கு? கூட்டமா? சரி, ஒரு டிக்கெட்டு... என்னது? எடுத்தாச்சா? ஆரு எடுத்தது? ...அவ எதுக்கு எனக்கு எடுக்கறா? நான் சொன்னனா? என்ற கையில காசில்லையா? திருப்பிக் குடுங்க அவகிட்ட. ...கிழிச்சாச்சுன்னா? கிழிச்சா என்ன? ...சரி, சரி, கத்தாதீங்க, குடுங்க.

தம்பி, கண்ணாடியைக் கோர்ட்டுலயே உட்டுட்டு வந்துட்டேனாட்ட இருக்குது. எந்த ஸ்டாப்புக்குப் போட்டிருக்குதுன்னு சித்தெ படிங்க. ...பள்ளத்தோட்டமா? நல்லாப் பாருங்க. என்ற ஊடு அதுக்கு அடுத்த ஸ்டாப்பு. அது அவளுக்குத் தெரியாதா என்ன? பள்ளத்தோட்டம் அவ எறங்கற எடமுங்க.

எந்திரிச்சுட்டா. பஸ்ஸு நிக்குது பாருங்க.

சித்தெ காலை எடுத்துக்குங்க தம்பி. நான் என்ன விரும்பியா எறங்கறேன்? செக்கிங்காரன் ஏறுனா ஆரு பதில் சொல்றது? கண்டக்டரே, இருங்க, விசில் அடிச்சுறாதீங்க, ஆளு எறங்கோணும். இந்த மழைல அந்தச் சந்துக்குள்ள நடக்க உடறா பாருங்க. வழி உடுங்க, வழி உடுங்க. டிக்கெட்டு இதுவரைக்குந்தானுங்களே.